தொட்டிலில் ஒரு கட்டி: அஞ்சுமுன் அறிவோம்

பிறந்த குழந்தையின் ஈற்றிலிருந்து இளஞ்சிவப்பு உருண்டை ஒன்று தொங்கக் கண்டால் எக்குடும்பமும் நிலைகுலையும். மருத்துவர் வாய் திறக்குமுன்னரே உறவினர் 'புற்றுநோயோ' என்பர். மறுநாளே குழந்தையின் தந்தை வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முடிக்க வங்கியை நாடுவார். சித்தூர், திருப்பதிப் பகுதி வாடிக்கையாளர்களுக்காக இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

இக்கட்டியின் பெயர் பிறவி எபுலிஸ். 1871-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் நியூமன் இதனை முதலில் விவரித்தார். பெண் குழந்தைகளுக்கே மிகுதியாக வரும். பெரும்பாலும் மேல் ஈற்றில் தோன்றும். பிறந்தபின் பொதுவாக வளராது. சில தாமே சுருங்கும். பால் குடிக்கவோ மூச்சு விடவோ தடையானால் அறுவை செய்து அகற்றுவர், மீண்டும் வருவதில்லை.

எனினும் தோற்றத்தைக் கொண்டே முடிவு செய்ய இயலாது. இரத்தநாளக் கட்டியும் டெரட்டோமாவும் இவ்வாறே தோன்றலாம். மூக்கின் அடியில் உள்ள கட்டி, மூளையோடு தொடர்புடைய பிதுக்கமாகவும் இருக்கக்கூடும். அதில் ஊசி செலுத்தினால் மூளைநீர் கசிந்து நோய்த்தொற்று நேரலாம். ஆகவே முதலில் எம்ஆர்ஐ எடுப்பர்.

வால் எலும்பருகே தோன்றும் டெரட்டோமா ஏறத்தாழ 35,000 முதல் 40,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும். பிறப்பில் பெரும்பாலும் தீங்கற்றதே. ஆயினும் அறுவையைத் தள்ளிப்போட்டால் புற்றாக மாறும் வாய்ப்பு கூடும். இதற்கான ஏஎப்பி இரத்தப் பரிசோதனையிலும் ஒரு சிக்கல் உண்டு. பச்சிளங்குழந்தைகளுக்கு அவ்வளவு இயல்பாகவே மிகுந்திருந்து, சில மாதங்களில்தான் குறையும். எண்ணைக் கண்டு பெற்றோர் தாமே கலங்க வேண்டா.

திருப்பதியில் ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் நிறுவனமும் உள்ளன. சித்தூர் மக்களுக்கு வேலூர் சிஎம்சி அண்மையிலேயே உள்ளது. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து யாவும் இலவசம். 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய உதவுகிறது.

எனவே வைப்புத்தொகையை முறிக்குமுன் இவற்றை விசாரிக்குமாறு வேண்டுகிறோம். குடும்ப மருத்துவக் காப்பீடு உடையோர், குழந்தை எந்நாள் முதல் சேர்க்கப்படும், பிறவிக் குறைகளுக்கு விலக்கு உண்டா என்பதைப் பேறுகாலத்திற்கு முன்பே கேட்டறிதல் நன்று. பணம் உடனே தேவையெனில், வைப்புத்தொகையின் மீதே கடன் பெறலாம். சேமிப்பும் கலையாது, சிகிச்சையும் தாமதமாகாது.