அப்பாவோட பழைய எச்எம்டி வாட்ச் வீட்டில் இருக்கா? டயலுக்கு பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

“இன்னைக்கு கையில என்ன?” வாட்ச் ஆர்வலர்கள் சந்தித்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். சட்டைக் கையை மடித்து, தாங்கள் கட்டியிருக்கும் வாட்சைக் காட்டுவார்கள். போட்டோ எடுத்துப் பகிர்வார்கள். அதன் கதையையும் சொல்வார்கள்.

லட்ச ரூபாய் சுவிஸ் வாட்சுகளுக்கு நடுவே, இந்திய ஆர்வலர்கள் பெருமையோடு காட்டும் ஒரு பெயர் எச்எம்டி. நம் அப்பாவும் தாத்தாவும் தினமும் சாவி கொடுத்துக் கட்டிய அதே வாட்ச்தான்.

ஆனால், இந்த மவுசு ஒரு சிக்கலையும் கொண்டு வந்திருக்கு. டயலுக்குப் புது பெயின்ட் அடித்த வாட்சுகள் ‘பழைய ஒரிஜினல்’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. இன்னொரு பக்கம், வீட்டில் இருக்கும் நல்ல ஒரிஜினலையே “பளபளன்னு ஆக்கிக் கொடுங்க” என்று கொடுத்து நாமே கெடுத்துவிடுகிறோம். இதை எப்படித் தவிர்ப்பது? பார்க்கலாம்.

எச்எம்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

எச்எம்டி என்பது ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1961இல் பெங்களூருவில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது. முதல் தொகுதி வாட்சுகளை வெளியிட்டவர் அன்றைய பிரதமர் ஜவாஹர்லால் நேரு.

அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவில் வாட்ச் என்றாலே எச்எம்டிதான். கல்யாண மாப்பிள்ளைக்கு, பாஸான பிள்ளைக்கு, பணி ஓய்வு பெறுபவருக்கு என எல்லா முக்கிய நாளிலும் அதுதான் பரிசு. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் என்று மாடல்களின் பெயர்களே பலருக்கு மனப்பாடம். பார்வையற்றோர் தொட்டுப் பார்த்து நேரம் அறியும் பிரெயில் வாட்சும் எச்எம்டியிடம் இருந்தது.

காட்சி மாறியது 1980களில். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் டைட்டனைத் தொடங்கின. ஓசூர் ஆலையிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன. தினமும் சாவி கொடுக்கும் வேலை இல்லை, நேரமும் துல்லியம். எச்எம்டியும் குவார்ட்ஸ் தயாரித்தது. ஆனாலும் போட்டியில் நிற்க முடியவில்லை. எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது.

பழைய மாடல்கள் இனி கிடைக்காது என்றதும் தேடல் அதிகமானது. அலமாரிகளில் தூங்கிய வாட்சுகள் மீண்டும் கைகளுக்கு வந்தன.

பெயின்ட் அடித்த டயல் என்றால் என்ன பிரச்சினை?

வாட்ச் வாங்குபவர் முதலில் பார்ப்பது டயலைத்தான். பல வருட ஈரப்பதத்தில் அது மங்கும், புள்ளி விழும். சிலர் பழைய அச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது நிறம் பூசி, மேலே எழுத்தை அச்சடிக்கிறார்கள். உள்ளே இருப்பது பல வாட்சுகளிலிருந்து கழற்றிச் சேர்த்த பாகங்களாகவும் இருக்கலாம். உலக அளவில் சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘மும்பை ஸ்பெஷல்’.

இப்படிப்பட்ட வாட்சைக் கட்டுவதில் தப்பே இல்லை. பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம். பெயின்ட் அடித்ததை மறைத்து, ஒரிஜினல் விலைக்கு விற்பதுதான் ஏமாற்று.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்க: தொழிற்சாலை அச்சு மெல்லியதாக, கூர்மையாக இருக்கும். மறு அச்சில் எழுத்து தடித்து, ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகளின் இடைவெளியும் சீராக இருக்காது.

* நிறத்தைக் கவனிங்க: பளீர் பிங்க், ஊதா, டயல் நிறைய ராணுவச் சின்னம், தலைவர் படம் என்றால் பெரும்பாலும் பிறகு வரைந்ததுதான்.

* முட்களைப் பாருங்க: நிமிட முள் நிமிடக் கோடு வரை நீள வேண்டும். ரொம்பக் குட்டையாக இருந்தாலோ, முட்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தாலோ, வேறு வாட்சிலிருந்து வந்திருக்கலாம்.

* பின்மூடியைத் திறந்து போட்டோ கேளுங்க: உள்ளே இருக்கும் மெஷினில் எச்எம்டி பெயர் இருக்கும். போட்டோ அனுப்ப மறுத்தால் அந்த விற்பனையாளரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

* விநாடி முள் ஓட்டத்தை வீடியோவில் கேளுங்க: சாவி கொடுக்கும் எச்எம்டி பலவற்றில் மணிக்கு 18,000 துடிப்பு. அதாவது விநாடிக்கு 5 சின்னத் துள்ளல். முள் விநாடிக்கு ஒரே ஒரு தாவல் தாவினால், உள்ளே குவார்ட்ஸ் மெஷின் இருக்கு என்று அர்த்தம்.

ஐம்பது வருட வாட்ச் கடையில் இப்போது வாங்கியது போல மின்னுகிறதா? அதுவே முதல் சந்தேகமாக இருக்கட்டும்.

வீட்டில் இருக்கும் வாட்சை என்ன செய்யலாம்?

பல வருடம் ஓடாத வாட்சுக்கு உடனே சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீங்க. உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும். அப்படியே ஓடினால் பல்சக்கரங்கள் தேயும்.

மெக்கானிக்கல் வாட்ச் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து, மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்க:

1. மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் போதும்.
2. டயலையும் முட்களையும் தொட வேண்டாம். பெயின்ட் வேண்டவே வேண்டாம்.
3. ஏதாவது பாகத்தை மாற்றினால், கழற்றிய பழசைத் திருப்பித் தரணும்.

கண்ணாடி கீறியிருந்தால் கவலை வேண்டாம். பழைய எச்எம்டிகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் வகைக் கண்ணாடிதான். பாலிஷ் போடலாம், மாற்றவும் செய்யலாம். ஸ்ட்ராப்பும் அப்படித்தான். ஆனால் டயலின் அச்சு ஒருமுறை போனால் போனதுதான். அந்த மங்கலும் மஞ்சள் கறையும்தான் வாட்ச் கடந்து வந்த வருடங்களுக்குச் சாட்சி.

தினமும் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை

* தினமும் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துச் சாவி கொடுங்க. இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திடுங்க.
* தண்ணீர் படாமல் பார்த்துக்கோங்க.
* ஸ்பீக்கர், காந்தம் உள்ள போன் கவர் பக்கத்தில் வைக்காதீங்க. திடீரென வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். கடையில் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள்.
* தேதி காட்டும் மாடல் என்றால், இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியைக் கையால் மாற்ற வேண்டாம்.
* ஒரு நாளில் அரை நிமிடம் முன்பின் ஆனால் பயப்பட வேண்டாம். பழைய மெக்கானிக்கல் வாட்சில் அது சகஜம்.

மற்றவர்களிடம் பகிரும்போது?

மாடல், வாங்கிய வருடம், யார் கட்டியது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்க. ஆர்வலர்களிடம் மதிப்பு கிடைப்பது அதற்குத்தான். விலை உயர்ந்த வாட்ச் என்றால், வீட்டு முகவரியோ நீங்கள் இருக்கும் இடமோ தெரியும்படி போட்டோ போடாதீங்க.

ஏமாந்துவிட்டால்?

விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், விற்பனையாளரோடு பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்க. கடையோ இணைய வணிகத் தளமோ தீர்வு தரவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை, வீட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்க. நீங்கள் தேடும் ஒரிஜினல், அம்மாவின் பீரோவில் ஒரு டப்பாவுக்குள்ளேயே இருக்கலாம்.