சிலந்தி முட்டைக்குள் வளரும் குளவி: மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட நான்கு புதிய இனங்கள்

மேற்கு வங்கத்தின் வேளாண் நிலங்களிலும் அவற்றையொட்டிய செடிகொடிகளிலும் வாழும் நான்கு ஒட்டுண்ணிக் குளவிகள் அறிவியலுக்குப் புதியவை என இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் 2025-ஆம் ஆண்டில் அறிவித்தனர். இட்ரிஸ் பியானோர், இட்ரிஸ் ஃபர்வஸ், இட்ரிஸ் ஹைலஸ், இட்ரிஸ் லாங்கிஸ்கேபஸ் எனப் பெயரிடப்பட்டுள்ள இவை, தாவும் சிலந்திகளின் முட்டைகளை உணவாகக் கொண்டு வளர்பவை.

குளவி என்றதும் கொட்டும் பூச்சியே பலரின் நினைவுக்கு வரும். இட்ரிஸ் பேரினத்தைச் சேர்ந்தவை அத்தகையவை அல்ல. அவற்றின் உடல் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். ஒரு கேழ்வரகு மணியின் அளவு. இவை மனிதர்களைக் கொட்டுவதில்லை. வயல் வரப்பில் நடந்து செல்பவரின் கையில் வந்து அமர்ந்தாலும் தூசி என்றே எண்ணித் தட்டிவிடுவார்.

சாதாரண ஒட்டுண்ணி தனக்கு இடமளிக்கும் உயிரியிடமிருந்து உணவைப் பெறுகிறது. பெரும்பாலும் அதைக் கொல்வதில்லை. பேனும் உண்ணியும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒட்டுண்ணிக் குளவியின் நிலை வேறு. அதன் இளம்புழு, தான் வளரும் உயிரியை முடிவில் கொன்றே தீரும். இதனால் அது ஒட்டுண்ணிக்கும் வேட்டை விலங்குக்கும் இடைப்பட்ட ஒன்றாகக் கருதப்படுகிறது.

சிலந்திகளைத் தாக்கும் குளவிகள் பலவிதம். வீட்டுச் சுவரிலும் சன்னல் ஓரத்திலும் களிமண்ணால் கூடு கட்டும் குளவி அனைவருக்கும் அறிமுகமானது. அது சிலந்தியைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, கூட்டினுள் அடைத்து, அதன்மீது முட்டையிடும். இவ்வகைக் குளவிகளுள் ஒன்றுக்கு 1781-இல் ஃபப்ரீசியஸ் இட்ட இனப்பெயர் ‘மதராஸ்பட்டனம்’ என்பதாகும். சென்னையின் பழைய பெயர் இன்றும் அந்தக் குளவியோடு வழங்கி வருகிறது. இன்னொரு வகைக் குளவியின் புழு, உயிருள்ள சிலந்தியின் உடல்மீது ஒட்டிக்கொண்டு அதன் குருதி நீரை உறிஞ்சும். கோஸ்டாரிகாவில் இவ்வகைக் குளவி ஒன்றை ஆராய்ந்த வில்லியம் எபர்ஹார்ட், சிலந்தி கொல்லப்படுவதற்கு முந்தைய மணி நேரங்களில் தன் வழக்கமான வலையை விடுத்து, புழுவின் கூட்டைத் தாங்கத்தக்க உறுதியான வேறொரு வலையைப் பின்னுவதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

இட்ரிஸ் இவ்விரண்டு வழிகளையும் பின்பற்றுவதில்லை. வளர்ந்த சிலந்தியை அது தொடுவதே இல்லை. சிலந்தியின் அடுத்த தலைமுறையைத்தான் குறிவைக்கிறது.

தாயின் காவலைக் கடந்து

தாவும் சிலந்திகள் வலை பின்னி இரைக்காகக் காத்திருப்பவை அல்ல. கூரிய பார்வையால் இரையைக் கண்டு, பாய்ந்து பிடிப்பவை. ஆயினும் முட்டையிடும் காலத்தில் அவையும் பட்டு நூலைப் பயன்படுத்துகின்றன. இலையின் மடிப்பிலோ பட்டை இடுக்கிலோ நூலால் ஒரு பையைப் பின்னி, முட்டைகளை அதனுள் வைத்து, தாய்ச் சிலந்தி அருகிலேயே காவல் இருக்கும்.

எறும்பையோ வண்டையோ அந்தத் தாய் எதிர்கொள்ள முடியும். ஒரு மில்லிமீட்டர் குளவி விடயத்தில் அதன் காவல் போதாது. பட்டு நூல்களின் இடைவெளியே அந்தக் குளவிக்கு வழியாகிவிடுகிறது. பெண் குளவி தன் முட்டையிடும் குழலைச் சிலந்தி முட்டையினுள் செலுத்தி, உள்ளே தன் முட்டையை வைக்கிறது. வெளிவரும் புழு, சிலந்திக் குஞ்சாக வளர வேண்டிய சத்து முழுவதையும் உண்டு, அதே ஓட்டினுள் கூட்டுப்புழுவாகி, வளர்ந்த குளவியாக ஓட்டைக் கடித்துத் துளைத்து வெளியேறுகிறது. ஒரு முட்டைப் பையிலிருந்து பல குளவிகள் வெளிவருவதும் உண்டு. காவல் இருந்த தாய்க்கு இழப்பு தெரிவதற்கு எந்த அறிகுறியும் இல்லை; பையின் வெளித்தோற்றம் பெரிதாக மாறுவதில்லை.

பெயர் வைப்பதற்கு முன்

இட்ரிஸ் என்னும் பேரினத்தை ஃபோர்ஸ்டர் 1856-ஆம் ஆண்டிலேயே நிறுவிவிட்டார். உலக அளவில் இதில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஆனால் அவற்றுள் பலவற்றைப் பற்றி அறியப்பட்டது மிகக் குறைவு. வலை வீசியோ, மஞ்சள் தட்டில் நீர் வைத்தோ பிடிக்கப்படும் குளவி தன் உருவத்தை மட்டுமே காட்டும். எந்தச் சிலந்தியின் முட்டையிலிருந்து வந்தது என்பதைக் காட்டாது.

அதை அறிய ஒரே நம்பகமான வழி, முட்டைப் பைகளைச் சேகரித்து, தனித்தனிக் குப்பிகளில் வைத்துக் காத்திருப்பதுதான். சில பைகளிலிருந்து சிலந்திக் குஞ்சுகள் வரும். சிலவற்றிலிருந்து எதுவுமே வராது. சிலவற்றிலிருந்து மட்டும் குளவிகள் வரும். மிகுந்த பொறுமையைக் கோரும் இப்பணிக்குக் கருவிகள் அதிகம் தேவையில்லை. காலமும், சிலந்தியை இனம்காணத் தெரிந்த ஒருவரும் தேவை.

இம்முறையில் இன்னொரு பயனும் உண்டு. இக்குளவிகளில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பெண்ணின் உணர்கொம்பு நுனியில் தடித்துக் குண்டாந்தடிபோல் இருக்கும். ஆணின் உணர்கொம்பு மணிகளைக் கோத்த நூல்போல் நீண்டிருக்கும். தனித்தனியே பிடிபட்டால் இரண்டையும் வெவ்வேறு இனமாகக் கருத இடமுண்டு. ஒரே பையிலிருந்து இரண்டும் வெளிவரும்போது அந்தக் குழப்பத்துக்கு இடம் குறைகிறது.

புதிய இனங்களின் பெயர்களிலும் இந்தப் பணியின் சுவடு தெரிகிறது. பியானோர், ஹைலஸ் ஆகிய இரண்டும் தாவும் சிலந்திப் பேரினங்களின் பெயர்கள். ஃபர்வஸ் என்பது இலத்தீனில் கருநிறத்தைக் குறிக்கும். லாங்கிஸ்கேபஸ் என்பது உணர்கொம்பின் அடிக்கணு நீண்டிருப்பதைச் சுட்டுகிறது. உணர்கொம்பின் ஒரு கணு, இறக்கையின் ஒரு நரம்பு, உடற்பரப்பில் காணப்படும் நுண்வரிகள் போன்றவற்றை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, முன்பு விவரிக்கப்பட்ட எந்த இனத்தோடும் பொருந்தவில்லை என்று உறுதி செய்த பின்னரே ஓர் இனம் புதியது என ஏற்கப்படும்.

நண்பனா, பகைவனா?

வேளாண் துறையில் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு நல்ல பெயர் உண்டு. கரும்பில் தண்டுத்துளைப்பான்களைக் கட்டுப்படுத்த டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணி அட்டைகளாக விற்கப்படுவதை விவசாயிகள் அறிவர். புதிய குளவிகளையும் அதே வரிசையில் சேர்த்துப் பாராட்டத் தோன்றும். ஆனால் அவ்வாறு சேர்ப்பது பொருந்தாது. டிரைக்கோகிரம்மா அழிப்பது பயிரைத் தின்னும் பூச்சியின் முட்டையை. இட்ரிஸ் அழிப்பது, அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியின் முட்டையை.

சிலந்திகள் ஆற்றும் பணி சிறிதன்று. உலகிலுள்ள சிலந்திகள் ஆண்டுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை பூச்சிகளையும் பிற சிற்றுயிர்களையும் உண்கின்றன என 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. நெல் வயல்களில் தத்துப்பூச்சிகளைக் கட்டுக்குள் வைப்பதில் சிலந்திகளுக்கு முக்கியப் பங்கு உண்டு.

அதனால் இட்ரிஸைப் பயிரின் பகைவன் என்று முத்திரை குத்துவதும் அவசரமே. சிலந்தி பூச்சிகளைத் தரம் பிரித்து உண்பதில்லை. தீங்கு செய்யும் பூச்சியோடு மகரந்தம் சுமக்கும் ஈயையும் சேர்த்தே உண்ணும். வயலில் எத்தனை முட்டைப் பைகள் குளவிக்கு இரையாகின்றன, எந்தப் பருவத்தில் அது மிகுகிறது, பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் சிலந்தி முதலில் குறைகிறதா, குளவி முதலில் குறைகிறதா என்பவை எண்ணிப் பார்த்து விடை காண வேண்டிய கேள்விகள். குளவிக்குப் பெயர் இல்லாதவரை அந்த எண்ணிக்கையைத் தொடங்கவே இயலாது. சேகரித்த குளவிகள் ஒரே இனமா, நான்கு இனங்களா என்று தெரியாமல் எடுக்கும் கணக்கு பயன்படாது.

2002-ஆம் ஆண்டின் உயிரிப் பல்வகைமைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவின்படி, நாட்டில் புதிதாகக் கண்டறியப்படும் எந்த உயிரினத்தின் சான்று மாதிரிகளும் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். விலங்குகளுக்கு அத்தகைய காப்பகமாக இந்திய விலங்கியல் ஆய்வு மையம் விளங்குகிறது. ஊசியில் குத்த முடியாத அளவு சிறியவை என்பதால், இத்தகைய குளவிகள் முக்கோண அட்டைத் துண்டின் நுனியில் ஒட்டிப் பாதுகாக்கப்படுவது வழக்கம். பிடிபட்ட இடமும் நாளும் கீழுள்ள சீட்டில் எழுதப்படும். முட்டைப் பையிலிருந்து வளர்த்தெடுத்தவையாயின், சிலந்தியின் பெயரும் அதில் இடம்பெறும்.