எண்களுக்குள் ஒளிந்திருக்கும் உருவம்!

குட்டி நண்பர்களே, ஒரு கோயில் கோபுரத்தின் ஒவ்வொரு செங்கல்லும் எங்கே இருக்கிறது என்று மூன்று மூன்று எண்களாக எழுதி, அந்தப் பட்டியலை மட்டும் உங்களிடம் கொடுத்தால், 'இது கோபுரம்' என்று சொல்லிவிடுவீர்களா? தலை சுற்றிவிடும் அல்லவா?

புரதங்களை ஆராயும் விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான்! நம் தசை, ரத்தம், முடி எல்லாவற்றிலும் புரதங்கள் இருக்கின்றன. அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலைதான் புரதம். அந்த மாலை மடிந்து, சுருண்டு தனக்கென ஓர் உருவம் எடுக்கும். பூட்டுக்குள் சாவி பொருந்துவதுபோல, அந்த உருவத்தில் உள்ள பள்ளத்தில் பொருந்தித்தான் பல மருந்துகள் வேலை செய்கின்றன. எனவே, மருந்து செய்ய உருவம் தெரிய வேண்டும். ஆனால், ஆய்வின் முடிவில் கையில் இருப்பதோ, ஆயிரக்கணக்கான அணுக்களின் இருப்பிடத்தைச் சொல்லும் எண்கள்!

கம்ப்யூட்டரில் படம் பார்க்க முடியாத காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜான் கென்ட்ரூ, திமிங்கிலத்தின் தசையில் உள்ள மயோகுளோபின் என்ற புரதத்தை ஆராய்ந்தார். அறைக்குள் கம்பிகளைக் காடுபோல நட்டு, அவற்றில் வண்ணக் கிளிப்புகளை மாட்டித்தான் அதன் உருவத்தைப் பார்த்தார். 1962-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவரது குழுவினரும் 1963-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். புரத மாலை எந்தக் கோணங்களில் திரும்பலாம், எந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் என்பதை ஒரே படத்தில் அது காட்டியது. புரத உருவங்கள் சரியா, தவறா என்று சோதிக்க இன்றும் உலகம் முழுவதும் 'ராமச்சந்திரன் வரைபடம்' உதவுகிறது!

இப்போது கம்பிக்காடு தேவையில்லை. பைமால், கைமரா போன்ற சாஃப்ட்வேர்கள் எண்களைப் படமாக மாற்றிவிடும். ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம், கந்தகத்துக்கு மஞ்சள் என்று வண்ணமும் உண்டு. மவுஸை நகர்த்தினால் புரதம் பம்பரமாகச் சுற்றும்!

படமாகப் பார்ப்பதால் என்ன லாபம் என்கிறீர்களா? இதைக் கேளுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 2008-இல் 'ஃபோல்டிட்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. திரையில் தெரியும் புரதத்தை இழுத்து, மடக்கி, சரியான உருவத்துக்குக் கொண்டுவர வேண்டும். நன்றாக மடக்கினால் நிறைய மதிப்பெண்!

குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் ஒரு வைரஸின் புரதம், பத்து ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாமல் இருந்தது. அதை இந்த விளையாட்டில் புதிராகக் கொடுத்தார்கள். மூன்றே வாரங்களில் விடை கிடைத்துவிட்டது! விளையாடியவர்களில் பெரும்பாலோர் இந்தத் துறையைப் படிக்காதவர்கள். 2011-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில், விளையாடிய குழுக்களின் பெயரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றது. கம்ப்யூட்டர் தனியாகத் தேடித் தோற்ற இடத்தில், மனிதர்களின் கண் ஜெயித்தது!

இன்று 'ஆல்ஃபாஃபோல்டு' போன்ற செயற்கை நுண்ணறிவு சாஃப்ட்வேர்கள் புரத உருவங்களைத் தாமே கணித்துவிடுகின்றன. ஆனாலும், அந்த உருவத்தைத் திருப்பிப் பார்த்து, 'மருந்து எங்கே பொருந்தும்?' என்று யோசிக்க விஞ்ஞானிகளுக்குப் படம் வேண்டும்.

நீங்களும் பார்க்கலாம். 1971-இல் ஏழே உருவங்களோடு தொடங்கிய 'புரோட்டீன் டேட்டா பேங்க்' என்ற சேமிப்பகத்தில் இப்போது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. கட்டணம் கிடையாது. பள்ளிக் கம்ப்யூட்டர் அறையில், ஆசிரியரின் உதவியோடு ஹீமோகுளோபினைத் தேடி எடுங்கள். உங்கள் ரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதம் அதுதான். அதைச் சுழற்றி, உள்ளே இருக்கும் நான்கு இரும்பு அணுக்களையும் கண்டுபிடியுங்கள் பார்க்கலாம்!