நல்ல முடிவு வந்தாலும் பேச ஆள் வேண்டும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் காலையில் ஒரு வீட்டில் பேசியது, பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இப்படி நெருங்கி வாழும் ஊர்களில் எச்.ஐ.வி. உள்ளவர் மருந்துச் சீட்டைக்கூட ஒளித்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. சிகிச்சை பலித்த சந்தோஷத்தைச் சொல்லவும் அவருக்கு ஆளில்லை.

சிகிச்சை பலித்த செய்தியைத் தருவது வைரல் லோடு பரிசோதனை. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை வைரஸ் நகல்கள் என்று அது எண்ணுகிறது. கூட்டு மருந்து தொடங்கிய 6, 12ஆம் மாதங்களிலும், பிறகு ஆண்டுக்கொரு முறையும் அரசின் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்கள் வழியாக இலவசமாக எடுக்கிறார்கள். 1,000க்குக் கீழே என்றால் மருந்து வேலை செய்கிறது. 'கண்டறியப்படவில்லை' என்றால் இன்னும் நல்லது.

அதைக் கேட்டதும் சிலருக்கு அழுகை வரும். அடுத்து, "அப்போ கிருமி போயிடுச்சா? மாத்திரைய நிறுத்திடலாமா?" என்ற கேள்வி. கிருமி போகவில்லை. நீண்டகாலம் வாழும் சில சிடி4 எனும் நோய் எதிர்ப்பு அணுக்களின் மரபணுவுக்குள்ளேயே அது உறங்குகிறது. மருந்து பெருக்கத்தைத் தடுக்கும், உறங்குவதைத் தொடாது. நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பிவிடும். அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த குழந்தை ஒன்று குணமாகிவிட்டதாக 2013இல் மருத்துவர்களே மகிழ்ந்தார்கள். மருந்தில்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 2014இல் வைரஸ் தலைகாட்டியது.

இன்னொரு செய்தியை நம்புவதற்கே மனம் துணிவதில்லை. வைரஸ் கண்டறிய முடியாத அளவிலேயே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 1,763 இணைகளை வைத்து நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வு, சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கினால் தொற்று 96% குறைவதை 2011இல் காட்டியது. சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் அதில் பங்கேற்றது. மருத்துவர் சுனிதி சாலமன் 1993இல் நிறுவிய மையம் அது. இவ்வளவு சான்று இருந்தும், தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கொஞ்சத் தயங்குகிறவர்கள் உண்டு. பயம் எண்களைப் பார்த்து ஒரே நாளில் விலகாது. கெட்ட சேதிக்கு ஆலோசகர் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறாரோ, நல்ல சேதிக்கும் அவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பேன்.

வைரஸ் எண்ணிக்கை ஏறி வந்தால் முதலில் எழுவது குற்ற உணர்வு. அந்த நேரத்தில் அதட்டினால், அடுத்த முறை பொய்தான் பதிலாக வரும். "எந்தெந்த நாள்ல மாத்திரை விட்டுப்போவுது?" என்று தணிவாகக் கேட்டால், விடியுமுன்பே படகேறிவிடுகிற நாட்கள் என்று தெரியவரும். மாத்திரை நேரத்தை இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்துவிடலாம்.