நெட் வேண்டாம் என்பவரின் செல்போன் யார் கையில்?

"இந்த நெட்டு கிட்டு எல்லாம் நமக்கு வேண்டாம் சார். கையிலே காசு, கவுண்டரிலே டிக்கெட். அதுதான் நிம்மதி."

தாராவி 90 அடி ரோட்டில் இட்லி வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சி இப்படிச் சொன்னார். அவர் பேசி முடிப்பதற்குள் ஒரு வாலிபர் இரண்டு பிளேட் இட்லி சாப்பிட்டுவிட்டு, இட்லிப் பானையில் ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டைக்கு நேரே போனைக் காட்டிவிட்டு நடந்தார். "பணம் வந்துவிட்டதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அது மச்சினன் மகன் கணக்குக்குப் போகும். ராத்திரி அவன் கணக்குச் சொல்வான்" என்றார்.

மும்பைத் தமிழர்களில் இண்டர்நெட்டுக்குப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் யாரும் அதைவிட்டு வெளியே இல்லை என்பதுதான் வேடிக்கை. தங்கள் கையால் தொடாமல் அடுத்தவர் கையால் தொடுகிறார்கள். நம்மவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. அப்போது அது பெரிய ஆபீஸ்காரர்கள் சமாசாரம். கூலி வேலை செய்பவர் கைக்கு வந்தது 2016-க்குப் பிறகே. அந்த ஆண்டு ஜனவரியில் மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனில் இலவச வைபை வந்தது. செப்டம்பரில் ஜியோ வந்து, டேட்டா விலை சரிந்தது.

மணியார்டர் காலம்

மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு மணியார்டர் கமிஷன் மறந்திருக்காது. 20 ரூபாய்க்கு ஒரு ரூபாய். ஆயிரம் ரூபாய் அனுப்பினால் 50 ரூபாய் போய்விடும். பேசவேண்டும் என்றால், ராத்திரி கட்டணம் குறையும் வரை எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்து நிற்கவேண்டும். இன்று தோல் பட்டறைத் தொழிலாளி டீ குடிக்கும் நேரத்தில் விளாத்திகுளத்தில் இருக்கும் மனைவிக்குப் பணம் அனுப்பிவிடுகிறார். கமிஷன் கிடையாது. பிள்ளையின் முகத்தையும் பார்த்துவிடுகிறார். இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ரத்தான டிக்கெட்டின் பணம்

முன்பதிவு கவுண்டரில் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அதிகம் தெரிந்தது டிக்கெட் விவகாரம். பொங்கலோ கோவில் கொடையோ நெருங்கினால் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் முன்பதிவுக் காலமும் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. நெட் தெரியாதவர் நேரே மொபைல் கடைப் பையனிடம் போகிறார். அவன் தன் சொந்த ஐ.டி.யில், தன் கணக்கிலிருந்து பணம் கட்டி டிக்கெட் எடுத்துக்கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கூடுதலாக வாங்கிக்கொள்கிறான்.

சார்ட் போட்ட பிறகும் எல்லாப் பெயரும் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றால் இ-டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். எந்தக் கணக்கிலிருந்து கட்டினார்களோ அந்தக் கணக்குக்கே பணம் திரும்பும். அதாவது, பையன் கணக்குக்கு! பயணி கவுண்டருக்கு வந்து காகிதத்தை நீட்டி, "என் பணத்தைக் கொடுங்க" என்கிறார். எங்களால் கொடுக்க முடியாது. பையனைக் கேட்டால், "ரெயில்வேயிலிருந்து இன்னும் வரவில்லை" என்பான். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு அது பல நாள் கூலி.

அனுமதி இல்லாமல் இப்படி டிக்கெட் எடுத்துக்கொடுத்து வியாபாரம் செய்வது 1989-ம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின் 143-வது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. இது இ-டிக்கெட்டுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அவன் பிடிபட்டால் அவன் எடுத்த டிக்கெட்டுகளும் முடங்கக்கூடும். 2025 ஜூலை முதல் ஆன்லைனில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்த்த ஐ.டி. வேண்டும். சொந்த ஐ.டி. தொடங்கக் காசு இல்லை. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு தொடங்கினாலும், ஐ.டி. உங்கள் பெயரில், பணம் உங்கள் கணக்கிலிருந்து என்று இருக்கட்டும்.

வங்கி விஷயம் இதைவிட மோசம். ஏ.டி.எம். அட்டையின் உறையிலேயே ரகசிய எண்ணை எழுதிவைத்து, "தம்பி, எவ்வளவு இருக்குன்னு பாரு" என்று நீட்டும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். நெட்டை நம்பமாட்டார்கள், முன்பின் தெரியாத தம்பியை நம்புவார்கள்! நம் தவறு இல்லாமல் வெளியார் பணத்தை எடுத்து, மூன்று வேலை நாளுக்குள் நாம் புகார் செய்தால், நமக்கு நஷ்டம் இல்லை என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. ரகசிய எண்ணை நாமே சொல்லிக்கொடுத்திருந்தால் கதை வேறு. புகார் செய்யும் வரை போனதெல்லாம் நம் தலையில் என்பதும் அதே உத்தரவில் இருந்தது.

யு.பி.ஐ.யில் பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. "உங்களுக்குப் பணம் வருகிறது, பின் நம்பரைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். வீடியோ காலில் போலீஸ் உடையில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டுகிறவனும் அந்தக் கூட்டம்தான். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவைப்பதுதான் நம்மவர் வழக்கம்.

மகளுக்கு மட்டும் தடை

இன்னொன்றும் சொல்லவேண்டும். மகனுக்குப் பெரிய போன் வாங்கிக் கொடுத்து, அவன் ராத்திரி ஒரு மணி வரை என்ன பார்க்கிறான் என்று கேட்காத தகப்பனார்கள், மகள் போனைத் தொட்டால் கெட்டுப்போவாள் என்கிறார்கள். பணம் வைத்து ஆடும் சூதாட்டத்தில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு நிற்பது பெரும்பாலும் பையன்கள்தான் என்பது அவர்களுக்கும் தெரியும்.

சயான் கோலிவாடாவில் வீட்டு வேலைக்குப் போகும் ஒரு அம்மாளுக்கு, பேங்கிலிருந்து வரும் மெசேஜை முன்பெல்லாம் கீழ்வீட்டுக்காரர்தான் படித்துச் சொல்வார். இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் சொல்லிக்கொடுத்து அவரே பார்த்துக்கொள்கிறார். சுவரில் தொங்கும் காலண்டரின் ஓரத்தில் அந்தப் பெண் பேனாவால் எழுதிவைத்திருக்கிறாள்: "கிரெடிட்டட் - வந்தது. டெபிட்டட் - போனது." பக்கத்தில் அந்த ஆங்கில எழுத்துக்களையும் பெரிதாக வரைந்திருக்கிறாள். அம்மா போனைக் காலண்டருக்குப் பக்கத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்.