பெருக்கத் தெரிந்த பெட்டி, பேச ஐந்தே செய்திகள்

ரவுட்டரில் ஃபர்ம்வேரை மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய மென்பொருள் அழிந்துவிட்டது. புதியது பாதிதான் ஏறியிருக்கிறது. அப்போதும் பல சாதனங்களில் பூட்லோடர் என்ற சிறிய நிரல் தனியிடத்தில் பிழைத்திருக்கும். அதற்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில், வலை வழியே கோப்பைப் பரிமாறும் டி.எஃப்.டி.பி. (TFTP) என்ற நெறிமுறையும் ஒன்று என்பதால் பெட்டி மீண்டுவிடுகிறது.

நோயல் சியாப்பா வடிவமைத்த இந்த நெறிமுறையை 1981இல் கேரன் சோலின்ஸ் ஆவணமாக்கினார். மொத்தம் ஐந்தே வகைச் செய்திகள்: கோப்பைக் கொடு, கோப்பை வாங்கிக்கொள், இதோ தரவு, கிடைத்தது, பிழை. தரவு 512 பைட் துண்டுகளாக, எண்ணிட்டு வரும். ஒரு துண்டுக்குக் 'கிடைத்தது' வராமல் அடுத்தது கிளம்பாது. கோப்பு முடிந்ததென்று சொல்லத் தனிச் செய்தி கிடையாது; 512க்குக் குறைவான துண்டு வந்தால் அதுவே கடைசி. கோப்பின் அளவு 512ஆல் மீதியின்றி வகுபட்டால்? இறுதியில் ஒரு வெற்றுத் துண்டு வரும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இவ்வளவு எளிய அமைப்பிலும் ஒரு விசித்திரப் பிழை ஒளிந்திருந்தது. ஒரு 'கிடைத்தது' வழியில் தாமதித்தால், அனுப்புபவர் அந்தத் துண்டை மறுபடி அனுப்புவார். பெறுபவர் இரண்டு பிரதிகளுக்கும் பதில் தருவார். ஒவ்வொரு பதிலுக்கும் அடுத்த துண்டு கிளம்பும். அதன்பின் கோப்பு முடியும்வரை எல்லாமே இரட்டை இரட்டையாய்ப் போகும்! கோப்பு சரியாகவே வந்து சேரும் என்பதால் கோளாறு எளிதில் கண்ணில் படாது. ஜெர்மன் கவிஞர் கதே 1797இல் எழுதிய கவிதையில், தண்ணீர் சுமக்கும் மந்திரத் துடைப்பத்தைப் பிளந்து இரண்டாக்கிவிட்டுத் தவிக்கும் சீடன் ஒருவன் வருவான். பிழைக்கு 'மந்திரவாதியின் சீடன்' என்று அவனை வைத்தே பெயரிட்டார்கள். ஒரே துண்டுக்கு இரண்டாம் முறை வரும் பதிலைக் கண்டு எதையும் அனுப்பாதே என்பதே தீர்வு. 1992இன் திருத்திய வடிவில் அது இடம்பெற்றது.

இந்த நெறிமுறைக்கு வேகம் கிடையாது. 16 எம்.பி. கோப்பு என்றால் 32,768 துண்டுகள், கூடவே அந்த வெற்றுத் துண்டு. போய்வர ஒரு மில்லிநொடி ஆகும் அறைக்குள் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். 100 மில்லிநொடி ஆகும் தொலைவில் ஏறத்தாழ 55 நிமிடம். துண்டைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி 1995இல் வந்தது.

கடவுச்சொல்லும் இல்லை, மறைகுறியாக்கமும் இல்லை. ஆகவே இதைத் திறந்த இணையத்தில் விடக்கூடாது. நிர்வாகத்துக்கென ஒதுக்கிய உள்வலைக்குள்தான் இயக்க வேண்டும். வந்த கோப்பின் ஹாஷ் மதிப்பை, தயாரிப்பாளர் வெளியிட்ட மதிப்போடு ஒப்பிட்ட பிறகே ரவுட்டரை ரீபூட் செய்ய வேண்டும்.