எல்லை அறிந்த சிப்

ஒரு சர்வருக்கு நாலைந்து எழுத்துள்ள சொல்லை அனுப்பி, "இதன் நீளம் 64 கிலோபைட், அப்படியே திருப்பி அனுப்பு" என்று கேட்டால் என்ன ஆகும்? ஏராளமான இணையதளங்கள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் அதைச் சரிபார்க்கவே இல்லை. அந்தச் சொல்லோடு, நினைவகத்தில் அடுத்துக் கிடந்ததையும் அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் அதில் சிக்கக்கூடும். 2014-இல் அம்பலமான அந்த ஓட்டைக்கு ஹார்ட்பிளீட் என்று பெயர்.

இது பழைய நோய். 1988-இல் இணையத்தில் ஏராளமான கணினிகளை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்றும் நினைவக எல்லையை மீறுவதுதான். தன் மென்பொருள்களில் திருத்தப்படும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகத்தைத் தவறாகக் கையாளும் ரகம் என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. சி மொழியில் பாயிண்டர் என்பது வெறும் முகவரி எண். எதுவரை படிக்கலாம் என்பது சிப்புக்குத் தெரியாது.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராபர்ட் வாட்சன் மென்பொருளில் தொடங்கியவர். ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்துக்காக அவர் வடிவமைத்த அணுகல் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை ஆப்பிள் தன் மேக், ஐபோன்களில் எடுத்துக்கொண்டது. அவரும் சேர்ந்து உருவாக்கி 2010-இல் வெளியான கேப்சிகம், ஒரு நிரலைத் தனித்தனிப் பகுதிகளாக்கி, ஒன்று வீழ்ந்தாலும் மற்றது பிழைக்க வழி செய்தது. ஆனால் மென்பொருளிலேயே இப்படிப் பிரித்துக்கொண்டு போனால் வேகம் அடிபடும். சிப்பையே மாற்றினால்தான் இது தீரும் என்று, சக பேராசிரியர் சைமன் மூர், அமெரிக்காவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்து மூத்த ஆய்வாளர் பீட்டர் நியூமன் ஆகியோருடன் அவர் வன்பொருளில் இறங்கினார். அப்படிப் பிறந்த திட்டம்தான் 'செரி'.

செரியில் 64 பிட் பாயிண்டர் 128 பிட் ஆகிறது. முகவரியோடு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, படிக்கலாமா, எழுதலாமா என்ற விவரமும் அதிலேயே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த 128 பிட்டுக்கு வெளியே நிரலின் கைக்கு எட்டாமல் இருக்கும் ஒற்றை பிட். பாயிண்டரின் மேல் யாராவது சாதாரணத் தரவை எழுதினால் அந்த பிட் அழிந்துவிடும், பாயிண்டர் செல்லாது. போலிப் பாயிண்டர் தயாரிக்கவே முடியாது என்பதுதான் இதன் பலம்.

விலையும் உண்டு: நினைவகம் கூடுதலாகச் செலவாகும், பழைய நிரல்களில் சில இடங்களைத் திருத்த வேண்டும். கருத்தும் புதிதல்ல. 1970-களில் இதே கேம்பிரிட்ஜில் இதே போன்ற கருத்தில் கேப் என்ற கணினியைக் கட்டினார்கள். தொழில்துறை வேறு வழியில் போய்விட்டது. செரிக்காக சிப், கம்பைலர், இயங்குதளம் மூன்றையும் சேர்த்தே மாற்றியமைத்தார்கள். 2022 ஜனவரியில் ஆர்ம் நிறுவனம் செரியைக் கொண்ட மோரெல்லோ என்ற சோதனைச் சிப்பை வெளியிட்டபோது, திட்டம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு ஓடியிருந்தது. இத்தனை காலம் ஒரே கேள்வியோடு இருக்க ஆய்வாளரை அனுமதிக்கும் பல்கலைக்கழகங்கள் நமக்குத் தேவை.

கணினி படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். செரியின் கம்பைலரும் செரிபிஎஸ்டி இயங்குதளமும் திறந்த மூலம். சிப் இல்லாமலேயே க்யூஎமு எமுலேட்டரில் ஓட்டலாம். பத்து வரியில் ஒரு சி நிரல் எழுதி, அரேயின் எல்லையைத் தாண்டிப் படிக்க விடுங்கள். சாதாரணக் கணினியில் ஏதோ ஒரு மதிப்பு வந்து விழலாம். செரியில் நிரல் அந்த வரியிலேயே நிற்கும். இந்த விடுமுறையில் செய்து பாருங்கள்.